வாசகர் கேள்வி – பதில்: பியென்சா, ஒரு குடும்பம் மாற்றிக் கட்டிய ஊர்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியனா நகருக்குத் தெற்கே இருக்கிறது பியென்சா. மக்கள்தொகை இன்றைக்கும் சுமார் இரண்டாயிரம்தான். இந்த ஊரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டடத் துறையில் இருப்பவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அஸ்திவாரமும் எஸ்டிமேட்டும் அதிக இடம் பிடித்துக்கொண்டன.

கே: பிரபுக் குடும்பங்கள் கட்டிய ஊர்கள் ஐரோப்பா முழுக்க இருக்கின்றன. பியென்சாவை மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

ப: மற்ற ஊர்களில் தாத்தா தொடங்கியதைப் பேரன் முடித்திருப்பார். எது யாருடைய யோசனை என்று பிரித்துச் சொல்வது கடினம். பியென்சாவில் அந்தக் குழப்பம் இல்லை. 1459-இல் தொடங்கிய வேலை 1464-இல் நின்றுவிட்டது. கட்டச் சொன்னவர் ஒருவர், கட்டியவர் ஒருவர். கட்டச் சொன்னவர் நல்ல எழுத்தாளரும்கூட. ஜன்னல் முதல் விரிசல் வரை தன் நினைவுக் குறிப்புகளில் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் எனேயா சில்வியோ பிக்கொலோமினி. பிக்கொலோமினிகள் சியனாவின் பழைய பிரபுக் குடும்பம். அங்கே பொதுமக்கள் தரப்பு ஆட்சியைப் பிடித்துப் பிரபுக்களை ஒதுக்கியபோது, குடும்பத்தின் ஒரு கிளை, தனக்கு நிலம் மிச்சமிருந்த கொர்சிஞானோ என்ற குக்கிராமத்தில் ஒதுங்கியது. எனேயா அங்கே 1405-இல் பிறந்தார். 18 பிள்ளைகள் பிறந்த வீடு அது. பெயர்தான் பிரபுக் குடும்பம், இளமையில் அவர் அப்பாவோடு வயல் வேலை பார்த்தவர். பிறகு சியனாவில் படித்தார், வியன்னாவில் பேரரசரின் அவையில் செயலராகவும் கவிஞராகவும் இருந்தார், நாற்பது வயதை ஒட்டித்தான் குருத்துவம் பெற்றார். ஆயர், கர்தினால் என்று ஏறி 1458 ஆகஸ்டில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப் ஆனார்.

1459 பிப்ரவரியில் மாந்துவாவுக்குப் போகும் வழியில் பிறந்த ஊரில் தங்கினார். சிறுவயதுத் தோழர்களில் பலர் இறந்துவிட்டிருந்தார்கள். இருந்தவர்களையும் அவரால் அடையாளம் காண முடியவில்லை. அங்கே ஒரு பேராலயமும் ஒரு மாளிகையும் கட்டுவது என்று அப்போது முடிவு செய்தார். 1462-இல் கிராமம் நகரமாக உயர்த்தப்பட்டு ஆயரகமும் பெற்றது. பயஸின் பெயரிலிருந்து பியென்சா என்ற பெயர் வந்தது.

கே: பியென்சா பேராலயம் கட்டும்போதே விரிசல் விட்டது என்கிறார்களே, உண்மையா? காரணம் என்ன? (சிவில் இன்ஜினியரிங் மாணவி, திருச்சி)

ப: உண்மைதான். கட்டச் சொன்ன பயஸே எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் மண்ணைப் பாருங்கள். ஊர் சுமார் 490 மீட்டர் உயரத்தில், ஒரு நீண்ட மேட்டின் முதுகில் இருக்கிறது. மேலே மணற்கல் தட்டு, அதற்கு அடியில் களிமண். மழைநீர் மணற்கல்லில் இறங்கிக் களிமண்ணின் மேற்பரப்பில் போய் நிற்கும். களி ஊறி வழுக்க ஆரம்பிக்கும். மேட்டின் நடுவில் இதனால் பெரிய தொல்லை வராது. விளிம்பில்தான் ஆபத்து. ஆதரவு இல்லாத பக்கமாக மணற்கல் பாளம் பாளமாகப் பிரிந்து வெளியே சாயும்.

கட்டடக் கலைஞர் பெர்னார்தோ ரொசெல்லினோ பேராலயத்தை அந்த விளிம்பில்தான் வைத்தார். வழக்கப்படி பீடம் கிழக்கே இருந்தால் ஆலயம் மேட்டின் நீளவாக்கில் படுத்திருக்கும், பிரச்சினை இல்லை. போப்புக்கு வெளிச்சம் வேண்டும், தெற்கே இருக்கும் ஓர்சா பள்ளத்தாக்கை நோக்கித் திறந்திருக்க வேண்டும். ஆகவே பழைய புனித மரியா ஆலயத்தை இடித்துவிட்டு, வாசல் வடக்கேயும் பீடம் தெற்கேயுமாகத் திருப்பினார்கள். வடபாதி உறுதியான பழைய தரையில் உட்கார்ந்தது. தென்பாதி சரிவில் இறங்கி நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கீழே இன்னொரு சிற்றாலயத்தைக் கட்டி, அதன் கமான்களின் மேல் மேலாலயத்தின் பீடப் பகுதியை ஏற்றினார்கள்.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியபோது நடந்ததைப் பயஸ் விவரிக்கிறார். 108 அடி வரை போயும் நல்ல அடித்தளம் கிடைக்கவில்லை. பாறைப் பிளவுகளிலிருந்து கந்தக வாடை வந்தது. அவற்றை அடைக்கப் போனபோது கரை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கடைசியில் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு அகலமான கமான் போட்டு, அதன் மேல் சுவரை எழுப்பினார்கள். தாங்கி நிற்கும் பாறை தாய்ப்பாறையா, பிரிந்து நிற்கும் துண்டா என்று சரியாகச் சோதிக்கவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல் ஓடியது. கலவை இறுகும்போது வந்த விரிசல், பயப்பட வேண்டாம் என்றார் ரொசெல்லினோ. காலம் சொல்லும் என்று பயஸ் எழுதி வைத்தார்.

ரொசெல்லினோவின் விளக்கத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. சுண்ணாம்புக் கலவை கனமான சுவரின் உள்ளே இறுகுவதற்கு மாதங்கள், சில சமயம் வருடங்களே ஆகும். அதுவரை சுவர் கொஞ்சம் அமர்வது இயல்பு. ஆனால் அப்படி வரும் விரிசல் ஒரு கட்டத்தில் நின்றுவிடும், இது நிற்கவில்லை. ஒரே கட்டடத்தின் ஒரு பாதி நிலையாக நிற்க மறுபாதி இறங்கினால் இரண்டும் சேரும் இடம் கிழியத்தான் செய்யும். இன்று ஆலயத்துக்குள் நடந்தாலே தரை பீடத்தை நோக்கிச் சரிவதைக் கால் உணரும். 20ஆம் நூற்றாண்டிலும் அடித்தளத்தைப் பலப்படுத்தும் வேலைகள் செய்ய வேண்டியிருந்தது.

மாணவி என்பதால் ஒன்று சொல்கிறோம். விரிசல் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் ஜிப்சம் வைத்து ஒட்டித் தேதி எழுதிவிடுங்கள். மழைக்காலம் ஒன்று கடந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் பூச்சு வேலை போதும். உடைந்தால் பூச்சால் பயனில்லை, மண்ணுக்குத்தான் வைத்தியம். சரிவுத் தளத்தில் முதல் வைத்தியம் கான்கிரீட்டும் அல்ல, வடிகால். தண்ணீரைக் களிமண் வரை போகவிடாமல் வெளியே எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கே: எஸ்டிமேட்டைப் போல மூன்று மடங்கு செலவு செய்த கட்டடக் கலைஞருக்குப் போப் பரிசு கொடுத்தாராமே? நம்ப முடியவில்லை. (கட்டட கான்ட்ராக்டர், காரைக்குடி)

ப: நம்பலாம் ஐயா. தொகையைப் பயஸே பதிவு செய்திருக்கிறார். மதிப்பீடு 18,000 டுகாட், ஆனது 50,000-க்கும் மேல். டுகாட் என்பது ஏறக்குறைய மூன்றரை கிராம் எடையுள்ள, கிட்டத்தட்டக் கலப்பில்லாத தங்கக் காசு. 50,000 காசு என்றால் 175 கிலோ தங்கம்.

புகார்கள் குவிந்தன. ரொசெல்லினோ ஃப்ளாரன்ஸ்காரர். ஃப்ளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் பழைய பகை, அதனால் உள்ளூரில் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கட்டத் தெரியவில்லை, கணக்கை மறைத்தார் என்றெல்லாம் சொன்னார்கள். பயஸ் ஒரு பழைய சட்டத்தையும் நினைவுகூர்கிறார். எபேசு நகரில் இருந்ததாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் குறிப்பிடும் சட்டம் அது. மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்கு வரை செலவு கூடினால் அரசு கொடுக்கும், அதையும் தாண்டினால் கட்டடக் கலைஞரின் சொத்திலிருந்து எடுக்கப்படும். அந்தக் கணக்கைப் போட்டால் 18,000-த்துடன் கால் பங்கு 4,500 சேர்ந்து 22,500 வரை மன்னிப்பு உண்டு. மீதி 27,500-க்கு மேல் ரொசெல்லினோ தலையில் விழுந்திருக்கும்.

பயஸ் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவரை அழைத்தார். அவர் நடுங்கிக்கொண்டு வந்தார். நீர் பொய் சொன்னது நல்லதாயிற்று, உண்மையைச் சொல்லியிருந்தால் நாம் இவ்வளவு செலவுக்கு இசைந்திருக்க மாட்டோம், இந்த மாளிகையும் ஆலயமும் எழுந்திருக்காது என்ற பொருளில் போப் பேசினார். ஒப்புக்கொண்ட ஊதியம் முழுவதையும் தரச் சொன்னதோடு, 100 டுகாட்டும் ஒரு செந்நிற அங்கியும் கொடுத்தார், மேற்கொண்டு வேலைகளையும் ஒப்படைத்தார்.

இதைக் கேட்டு எந்தக் கான்ட்ராக்டரும் தைரியம் கொள்ள வேண்டாம். கணக்கு ஏன் எகிறியது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது. முதல் காரணம் அஸ்திவாரம். தோண்டிப் பார்க்காமல் போட்ட எந்த எஸ்டிமேட்டும் சரிவு நிலத்தில் நிற்காது. இரண்டாவது அவசரம். மூன்றே ஆண்டில், 1462 ஆகஸ்ட் 29 அன்று, ஆலயம் அர்ச்சிக்கப்பட்டுவிட்டது. கல், சுண்ணாம்பு, மரம், ஆள் எல்லாவற்றையும் ஒரு மலைமேட்டுக்கு ஒரே நேரத்தில் ஏற்றினால் விலை தானாக ஏறும். மூன்றாவது, வேலை நடக்க நடக்க ஆசை வளர்ந்தது. ஆலயமும் மாளிகையும் என்று தொடங்கி ஊரே வேலைத்தளம் ஆகிவிட்டது.

இன்னொரு தவறும் நடந்தது. ஆலயத் தூண்களின் உயரம் கட்டடத்துக்குப் போதவில்லை. இடித்துக் கட்டாமல், போதிகைக்கு (தூணின் தலைப்பகுதிக்கு) மேல் இன்னொரு சதுரத் துண்டுத் தூணை ஏற்றி உயரத்தைச் சரிக்கட்டினார்கள். புதுமையாக இருக்கிறது, இதுவும் ஒரு நல்ல தவறு என்று பயஸ் ரசித்தார். உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள், அந்த ஒட்டு தெளிவாகத் தெரியும்.

கே: பணம் யாருடையது? குடும்பச் சொத்தா, திருச்சபையின் கருவூலமா? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: பெரும்பகுதி போப்பின் கருவூலம். பிக்கொலோமினிகளின் கிராமத்து நிலவருமானத்தில் ஒரு மாடி கூட எழுந்திருக்காது. பதவிப் பணத்தில் கட்டிய மாளிகை சகோதரியின் பிள்ளைகளுக்குக் குடும்பச் சொத்தாகப் போனது. இது அன்றைய வழக்கம். வழக்கம் என்பதால் நியாயம் ஆகிவிடாது என்பது எங்கள் கருத்து.

மற்றக் கட்டடங்களுக்குப் பயஸ் வேறு வழி கண்டார். தன்னைச் சுற்றியிருந்த கர்தினால்களை அங்கே வீடு கட்டச் சொன்னார். போப் கோடையைக் கழிக்கும் ஊரில் தங்களுக்கும் ஒரு வீடு இருப்பது அவர்களுக்கு வசதி. போப்பின் விருப்பத்தைத் தட்டவும் முடியாது. ரொட்ரிகோ போர்ஜா (1492-இல் ஆறாம் அலெக்சாண்டர் என்ற போப் ஆனவர்), பிரெஞ்சுக் கர்தினால் ஜான் ஜுஃப்ரோய், பாவியாவின் அம்மன்னாத்தி, மாந்துவா ஆட்சிக் குடும்பத்தின் பிரான்செஸ்கோ கொன்சாகா ஆகியோர் இதில் இறங்கினார்கள். இப்படிப் புதிதாகக் கட்டியதும் மாற்றியமைத்ததுமாகச் சுமார் 40 கட்டடங்கள்.

கே: சதுக்கம் படத்தில் பெரிதாகத் தெரிகிறது. நேரில் பார்த்த நண்பர் மிகச் சிறியது என்கிறார். எப்படி? (ஓவிய ஆசிரியர், மதுரை)

ப: உங்கள் நண்பர் சொல்வது சரி, படமும் பொய் சொல்லவில்லை. ரொசெல்லினோவின் திறமை முழுவதும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

ஊரின் பிரதான வீதி மேட்டின் முதுகோடு போகிறது. நடுவில் கொஞ்சம் வளைகிறது. அந்த முழங்கை வளைவில் சதுக்கம் செருகப்பட்டிருக்கிறது. தெற்கே ஆலயம், அதை நோக்கி நின்றால் வலப்பக்கம் பிக்கொலோமினி மாளிகை, இடப்பக்கம் போர்ஜா மாளிகை (பின்னாளில் ஆயர் மாளிகை), முதுகுப் பக்கம் வளைவுகளோடு நகர மன்றம். திருச்சபை, குடும்பம், ஊராட்சி எல்லாம் நான்கு சுவருக்குள்.

இரு பக்க மாளிகைகளும் இணையாக இல்லை. வீதியிலிருந்து ஆலயத்தை நோக்கிப் போகப் போக விலகுகின்றன, தளம் சரிவகமாகிறது. பொதுவாக இணைக்கோடுகள் தூரத்தில் நெருங்குவது போல் நம் கண்ணுக்குத் தெரியும். இங்கே கட்டடங்களே விலகுவதால் அந்த நெருக்கம் அழிந்து, ஆலய முகப்பு அருகே வந்து நிற்பது போலவும், இருப்பதைவிட அகலமாகவும் தெரிகிறது. கூடுதல் லாபமாக, ஆலயத்தின் இரு பக்கமும் இடைவெளி கிடைத்து, அவற்றின் வழியே பள்ளத்தாக்கு தெரிகிறது.

தரையைக் கவனியுங்கள். செங்கல்லை மீன்முள் வரிசையில் பதித்து, வெளிர்க் கல் பட்டைகளால் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். வரைபடத் தாளில் ஓவியர் போடும் கட்டம் போலவே அது கண்ணுக்கு அளவு சொல்கிறது. மாணவர்களுக்குப் பரிப்பார்வை (பெர்ஸ்பெக்டிவ்) கற்றுத் தரும்போது இந்தத் தளப் படத்தை வரையச் சொல்லுங்கள். நேர்ச்சதுரமாக ஒன்று, சரிவகமாக ஒன்று. வித்தியாசம் உடனே பிடிபடும்.

நகர மன்றத்தின் கோபுரம் ஆலய மணிக்கூண்டைவிடத் தாழ்வு. யாருக்கு யார் மேல் என்பதை அந்த உயரமே சொல்லிவிடுகிறது.

சந்தை இந்தச் சதுக்கத்தில் இல்லை. நகர மன்றத்துக்குப் பின்னால் அதற்கென்று தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள். காய்கறிக் கூச்சலும் ஆடுமாடும் முன்சதுக்கத்துக்கு வராமல், அதே சமயம் பத்தடி தூரத்திலேயே இருக்கும்படி செய்த ஏற்பாடு இது.

கே: ஆலயத்துக்குள் ஒரு படம்கூட மாட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? (நாகர்கோவில் வாசகி)

ப: 1462 செப்டம்பர் 16 தேதியிட்டுப் பயஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். குருக்களுக்கும் ஆயர்களுக்கும் குறித்த கல்லறை தவிர வேறெங்கும் யாரையும் அடக்கம் செய்யக் கூடாது. சுவர்களின், தூண்களின் வெண்மையைக் கெடுக்கக் கூடாது. ஓவியம் தீட்டக் கூடாது, பலகைப் படம் தொங்கவிடக் கூடாது. புதிய சிற்றாலயமோ பீடமோ சேர்க்கக் கூடாது. மீறுபவர் சாபத்துக்கு உள்ளாவார், போப் ஒருவரே அதிலிருந்து விடுவிக்க முடியும்.

ஏன் இவ்வளவு கடுமை என்றால், அன்றைய ஆலயங்களில் செல்வக் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு பீடம், ஒரு கல்லறை, ஒரு படம் என்று வைத்துக்கொண்டே போகும். ஐம்பது ஆண்டில் கட்டியவரின் எண்ணம் காணாமல் போய்விடும். பயஸ் ஆஸ்திரியாவில் கண்ட ஆலயங்களின் பாணியை இங்கே கொண்டுவந்தார். நடுக்கூடமும் பக்கக் கூடங்களும் ஒரே உயரம். சாதாரண இத்தாலிய ஆலயத்தில் நடுக்கூடம் உயர்ந்து, வெளிச்சம் மேலிருந்து வரும். இங்கே பக்கச் சுவரின் உயர்ந்த ஜன்னல்கள் வழியே நேராகக் கொட்டுகிறது. அதற்கு வெள்ளைச் சுவர் அவசியம், இருண்ட சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். நீளம் 140 அடி, அகலம் 60, உயரம் 60 என்று அவர் அளவும் தருகிறார்.

பீடப் படங்கள் மட்டும் அவரே சியனா ஓவியர்களிடம் செய்து வாங்கியவை: ஜொவான்னி தி பாவ்லோ, மத்தேயோ தி ஜொவான்னி, வெக்கியெத்தா, சானோ தி பியெத்ரோ. கட்டடத்துக்கு ஃப்ளாரன்ஸ்காரர், படத்துக்குச் சியனாக்காரர்கள். மாண்டவர் ஆணையை ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மதித்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

கே: மாளிகையில் அப்படி என்ன விசேஷம்? (புதுச்சேரி வாசகர்)

ப: முகப்பு ஃப்ளாரன்ஸில் உள்ள ருச்செல்லாய் மாளிகையின் பாணி: மூன்று மாடி, மாடிக்கு மாடி சுவரோடு ஒட்டிய தட்டைத் தூண்கள், இடையே இரட்டை ஜன்னல்கள். உள்ளே தூண் தாழ்வாரத்தோடு முற்றம். சுவரின் அடியில் நம் வீட்டுத் திண்ணை போல ஒரு கல் இருக்கை ஓடுகிறது.

விசேஷம் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் இறுக்கமான சுவர்கள், தெற்கு மட்டும் மூன்று அடுக்குத் திறந்த தாழ்வாரம். அங்கே நின்றால் தோட்டம், அதற்கப்பால் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் 1,738 மீட்டர் உயர அமியாத்தா மலை. ஒரு மாளிகையை நிலக்காட்சிக்காகவே திறந்து வைப்பது அந்தக் காலத்தில் புதிது. பயஸ் மலையும் மரமும் பார்த்து மயங்குகிற மனிதர். 1462 கோடையில் அமியாத்தாவில் மரநிழலில் கர்தினால்களோடு கூட்டம் நடத்தியவர்.

தோட்டம் தரையில் இல்லை. சரிவில் கமான் எழுப்பி, அதற்குள் 100 குதிரைகளுக்கு லாயமும் கொல்லுப்பட்டறையும் வைத்து, மேலே மண் நிரப்பிச் செடி வைத்தார்கள். இப்படி மாடித்தோட்டம் போட்டால் தண்ணீர்தான் எதிரி. மண்ணின் எடையைக் கமான் தாங்கும். தேங்கும் ஈரம் காரையை அரித்துக்கொண்டே இருக்கும். சரிவும் வாய்க்காலும் விட்டே செய்ய வேண்டிய வேலை.

கே: ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? (யாழ்ப்பாணம் வாசகி)

ப: நல்ல கேள்வி அம்மா, சுற்றுலாக் கையேடுகள் இதைத் தொடுவதில்லை. மாளிகைகளும் சதுக்கமும் வந்த இடத்தில் வீடுகள் இருந்தன. அவற்றை விலைக்கு வாங்கி இடித்தார்கள். இடம் இழந்த ஏழைகளுக்காக ஊரின் வடகிழக்கில், மதிலை ஒட்டி, 12 வீடுகளை ஒரே வரிசையாக, ஒரே அளவில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தெருவுக்கு இன்றும் ‘புது வீடுகள் தெரு’ என்றுதான் பெயர். ஐரோப்பாவில் திட்டமிட்டுக் கட்டிய வரிசை வீடுகளுக்கு இது மிக முந்தைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. மருத்துவமனையும் சத்திரமும் எழுந்தன.

ஆனாலும் இதை முழு நன்மையாக எண்ண முடியாது. ஊரின் நடுவில், வீதிமுகத்தில் இருந்த குடிகள் ஓரத்துக்குப் போனார்கள். நடுப்பகுதி வருடத்தில் சில வாரம் வரும் கர்தினால்களுக்குப் போனது. கொத்து வேலை நடந்த ஐந்து ஆண்டும் ஊராருக்குக் கூலி கிடைத்திருக்கும். அது முடிந்ததும் பழையபடி ஆடும் கோதுமையும்தான்.

திருவிழாக் காலத்தில் மட்டும் ஊராரே நடுவில் நின்றார்கள். 1462 செப்டம்பர் 21, புனித மத்தேயு திருநாள். சந்தை கூடியது. குதிரை, கழுதை, சிறுவர் என ஓட்டப் பந்தயங்கள் நடந்தன. போப் மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தார். சிறுவர்கள் சேற்றில் வழுக்கி விழுந்து ஓடியதைப் பல பத்திகளில் எழுதியிருக்கிறார்.

கே: பயஸுக்குப் பிறகு ஏன் வளரவில்லை? அந்தக் குடும்பம் இப்போதும் இருக்கிறதா? (திருநெல்வேலி வாசகர்)

ப: 1464 ஆகஸ்ட் நடுவில், துருக்கியருக்கு எதிரான சிலுவைப் போருக்குக் கப்பல்களை எதிர்பார்த்துக் காத்திருந்தபோது, ஆங்கோனா துறைமுகத்தில் பயஸ் இறந்தார். அடுத்த மாதமே ரொசெல்லினோவும் இறந்தார். கர்தினால்களுக்கு அங்கே போக இனிக் காரணம் இல்லை. ஊருக்கு ஆறு இல்லை, துறைமுகம் இல்லை, பெரிய வணிகப் பாதையும் இல்லை. போப் வந்ததால்தான் அது நகரமாக இருந்தது.

குடும்பத்தின் செல்வாக்கும் சியனாவுக்குத் திரும்பியது. பயஸின் சகோதரி மகன் பிரான்செஸ்கோ 1503-இல் மூன்றாம் பயஸ் ஆனார். 26 நாளில் மறைந்தார். அவர் பெரும் செலவு செய்தது சியனா பேராலயத்தில் மாமன் பெயரால் அமைத்த நூலகத்துக்கு. பிந்துரிக்கியோ அங்கே பயஸின் வாழ்க்கையைச் சுவரோவியமாகத் தீட்டினார்.

பணம் நின்றதால்தான் பியென்சா மாறாமல் கிடைத்தது என்பது எங்கள் முடிவு. அடுத்த தலைமுறையில் இன்னொரு பணக்காரர் வந்திருந்தால் பாதியை இடித்துப் புதுப் பாணியில் கட்டியிருப்பார். 1996-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மாளிகையில் பிக்கொலோமினி வம்சத்தார் 1962 வரை வாழ்ந்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம்.

கே: உண்மையில் வரைபடம் போட்டது ரொசெல்லினோவா, ஆல்பெர்தியா? (சென்னை வாசகர்)

ப: பயஸ் எழுதியது ஃப்ளாரன்ஸின் பெர்னார்தோ என்றுதான். அதே காலத்துக் கட்டடக் கலைஞரான ஆல்பெர்தி அப்போது போப்பின் அலுவலகத்தில் இருந்தார், ருச்செல்லாய் மாளிகையும் அவர் எண்ணம், ஆகவே ஆலோசனை சொல்லியிருக்கலாம் என்பது ஊகம். அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அடுத்த ஆண்டு போகிறோம். எந்த வரிசையில் பார்ப்பது? (சேலம் வாசகர்)

ப: ஃப்ளாரன்ஸ் – ரோம் ரயில் பாதையில் கியூசி நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் போகலாம், மோந்தெபுல்சியானோவில் மாற வேண்டியிருக்கும். சியனாவிலிருந்தும் பேருந்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு என்பதால் வார நாளில் போங்கள்.

மேற்கு வாசலில் நுழைந்து பிரதான வீதியில் நடந்து வாருங்கள். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்தாறு நிமிடம்தான். சதுக்கத்தில் முதலில் நகர மன்ற வளைவுகளின் கீழ் நின்று பாருங்கள், சரிவக அமைப்பு அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். ஆலயத்துக்கு நண்பகலை ஒட்டிப் போங்கள், பீடப் பக்கம் தெற்கு என்பதால் ஜன்னல்களில் வெயில் நிறைந்திருக்கும். வெளியே வந்து ஆலயத்தின் பின்புறம் மதில் பாதையில் இறங்கினால், மேலாலயத்தைத் தாங்கும் கீழ்க்கட்டுமானம் எவ்வளவு ஆழம் என்பது புரியும். பெரும்பாலானோர் இதைத் தவறவிடுகிறார்கள். பிறகு மாளிகையும் தோட்டமும், எதிரே போர்ஜா மாளிகையில் மறைமாவட்ட அருங்காட்சியகமும், கடைசியாகப் புது வீடுகள் தெருவும். வீதியில் செம்மறி ஆட்டுப்பால் பெக்கோரினோ சீஸ் விற்பார்கள். இளசு, பழையது இரண்டையும் ருசி பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பயஸ் ஞானஸ்நானம் பெற்ற பழைய கொர்சிஞானோ ஆலயம் மதிலுக்கு வெளியே, சரிவின் கீழே இருக்கிறது. வட்டக் கோபுரம் அடையாளம். திரும்பி ஏறுவது வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். வெயில் தாழ்ந்த பிறகு, கையில் தண்ணீரோடு இறங்குங்கள்.